ஏடு பெயர்ப்பும் இயங்குதள மாற்றமும்



கவிதையைப் பற்றியே பேசியும் கேட்டும் பழகிய அவையில், வீட்டுக் கணிப்பொறியின் இயங்குதளத்தை மாற்றுவதா வேண்டாவா என்னும் வினாவை எடுத்துவைப்பது முறைதானா என்ற ஐயம் எழக்கூடும். குற்றாலத்துச் சாரலையும் திரிகூட மலையையும் விட்டுவிட்டு விண்டோஸைப் பற்றிய பேச்சு எதற்கு என்று முணுமுணுப்போரும் இருப்பர். அவர்கள் முணுமுணுப்பதிலும் நியாயம் உண்டு. ஆயினும், இந்த வட்டத்தில் கவிதை படிப்போருள் பலருடைய கையெழுத்துப்படிகள் இன்று தாளில் இல்லை, கணிப்பொறியில்தான் இருக்கின்றன. அக்கணிப்பொறி எந்தத் தளத்தில் இயங்குகிறது என்பது அதனால் இலக்கிய வினாவாகவும் ஆகிவிடுகிறது.

இலக்கிய வட்டத்தைப் போலவே விண்டோஸ் 10 என்னும் இயங்குதளமும் பத்தாண்டுகளைக் கடந்தது. 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த அதற்கு 2025 அக்டோபர் 14 உடன் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் வழக்கமான பராமரிப்பை நிறுத்திக்கொண்டது. அதனால் கணிப்பொறி நின்றுவிடவில்லை. முன்போலவே திறக்கிறது, தட்டச்சுச் செய்தால் எழுதுகிறது. ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைத்துத் தருவார் இல்லை. கூரையிலிருந்து ஓடு ஒன்று நழுவினால் மாற்றிவைக்க ஆளில்லாத வீட்டுக்கு அதனை ஒப்பிடலாம். அடுத்த மழை வரை அந்த வீட்டில் குறையேதும் தெரிவதில்லை.

தென்காசியிலோ மேலகரத்திலோ வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை மனத்தில் கொள்வோர்க்கு இவ்வினாவின் கனம் விளங்கும். அவரிடம் இருப்பது பதினைந்து ஆண்டுப் பழக்கமுள்ள கணிப்பொறி. அல்லது, 2011 முதல் அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளுள் ஒன்று. மகள் படித்து முடித்துத் திருமணமாகிச் சென்றபின் தந்தையின் மேசைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு தொகுதிகள் அச்சேறிவிட்டன. மூன்றாவது தொகுதிக்குரிய கவிதைகளும், அரங்குகளில் படித்துவிட்டு மறந்தவையும், மனைவி மறைந்தபோது எழுதி எவரிடமும் காட்டாதவையும் அதனுள் கிடக்கின்றன. திரையில் எச்சரிக்கை தோன்றுகிறது. "புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள் அப்பா" என்று சென்னையிலிருந்து மகன் தொலைபேசியில் சொல்கிறான். "ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போட்டுவிடலாம் சார், அரை நாள் வேலை" என்கிறார் பழுது பார்க்கும் இளைஞர். ஆசிரியரோ எச்சரிக்கையை மூடிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.

மகனும் இளைஞரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கின்றனர். ஆனால் இருவருக்கும் அந்தக் கணிப்பொறி ஒரு பொறி மட்டுமே. ஆசிரியருக்கோ அது ஏட்டுச்சுவடிப் பெட்டி. ஓடாமல் நிற்கும் பொறியை மாற்றலாம். சுவடிப் பெட்டியை மாற்றுமுன் உள்ளே இருக்கும் ஏடுகள் எந்த எழுத்தில் எழுதப்பட்டவை என்று பார்க்க வேண்டும். முதலில் ஆராய வேண்டியது இதுவே. இயங்குதளத்தைப் பற்றிய முடிவு அதன் பின்னர்தான்.

எந்த எழுத்து என்று வினவுவது வேடிக்கையாகத் தோன்றலாம். தமிழெழுத்துத்தானே என்பர். அன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அந்த ஆசிரியர் 'அருவி' என்று தட்டியபோது கணிப்பொறி சேமித்துவைத்தது தமிழெழுத்தை அன்று; ஆங்கில எழுத்துகளும் குறிகளும் விரவிய ஒரு கோவையை. அக்கோவையின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது எழுத்துரு. எழுத்துரு இருக்கும்வரை அது 'அருவி'; எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அது பொருளற்ற ஆங்கிலக் குவியல்.

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1990களில் தமிழ் எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எழுத்துகளுக்கு இடம் வகுத்தனர். ஒருவர் ககரத்தை வைத்த இடத்தில் மற்றொருவர் மகரத்தை வைத்தார். இக்குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதன் பயனாகத் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. உலகெங்கும் இருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே கலந்துரையாடித் திஸ்கி என்னும் குறியேற்றத்தை உருவாக்கினர். இவற்றுக்கெல்லாம் முன்பே, 1991இல், யூனிகோடு என்னும் ஒருங்குறி தமிழுக்கென 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தராமல், உயிர், அகரமேறிய மெய், துணைக்குறி என்று பிரித்து வைத்தது தமிழறிஞர் பலருக்கு உவப்பாக இல்லை; இன்றும் இல்லை. எனினும் 2000இல் வெளிவந்த விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழைத் தன்னுள்ளே கொண்டு வந்தது முதல் வழி தெளிவாகிவிட்டது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழக அரசும் ஒருங்குறியையும், எல்லா எழுத்துகளுக்கும் தனியிடம் தரும் டேஸ் 16 என்னும் குறியேற்றத்தையும் தரங்களாக அறிவித்தது.

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களை மாற்றியதை மூத்த உறுப்பினர்கள் நினைவில் வைத்திருப்பர். ஆனை துதிக்கையைத் தூக்கியது போன்ற அந்த ஐகாரக் கொம்பு அச்சிலிருந்து மறைந்தது. ஆனால் அதற்கு முன் அச்சான நூலை இன்று ஒரு பள்ளி மாணவன் கையில் கொடுத்தாலும் ஓரிரு பக்கம் தடுமாறிப் பின் படித்துவிடுவான். மாறியது வடிவம், கண்ணும் அறிவும் அதைப் பின்தொடர முடிந்தது. குறியேற்றம் மாறும்போது அப்படிப் பின்தொடர இயலாது. தமிழில் எழுதிய கவிஞரே தம் கவிதையைத் திறந்து அது தம்முடையது என்று அறியமாட்டார். தமிழின் நீண்ட வரலாற்றில் எழுதியவர் உயிரோடிருக்கும்போதே எழுத்து படிக்க இயலாததாகும் நிலை இதற்கு முன் இருந்ததாகத் தெரியவில்லை.

முன்னோர்க்கு வேறு இடர் இருந்தது. பனையோலைக்கு ஆயுள் உண்டு. பூச்சியும் ஈரமும் அதனைக் குறைக்கும். குற்றாலம் போன்ற சாரல் மண்ணில் ஈரம் சற்று மிகுதியாகவே வேலை செய்யும். ஆகவே சில தலைமுறைக்கு ஒரு முறை பழைய ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினர். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சி இன்று கையில் இருக்கிறதென்றால், அச்சுக்கு வரும்வரை யாரோ அதனைப் பெயர்த்தெழுதிக்கொண்டே இருந்தனர் என்பது பொருள். பெயர்த்தெழுதப்படாத நூல்கள் எத்தனை என்று கணக்கிட வழியில்லை. பெயர் மட்டும் உரைகளில் எஞ்சியவை பல. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிய உழைப்பு இவ்வவையினர் அறியாததன்று.

பெயர்த்தெழுதுவதில் பிழையும் நேர்ந்தது. ஏட்டில் மெய்க்குப் புள்ளி இடும் வழக்கம் அருகியிருந்தது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடில்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்று போலவே தோன்றும். படித்து எழுதுபவர் பொருளறிந்தவராயின் சரியாக எழுதினார். இல்லையேல் பாடபேதம் பிறந்தது. சிலர் தாமே பாடல் பாடியும் சேர்த்தனர். குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் கம்பராமாயணத்தில் கம்பர் வாக்கு இது, இடைச்செருகல் இது என்று பிரித்தெடுக்க வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவர் எல்லாவிடத்தும் சரியாகவே பிரித்தார் என்று கூற இயலாது. பல பாடல்களை அவர் தம் செவியின் தீர்ப்பு ஒன்றையே கொண்டு தள்ளினார் என்ற குறை அறிஞரிடையே உண்டு. ஆனால் ஏடு பெயர்த்தெழுதுவோர் தவறினால் பின்வருவோர்க்கு எவ்வளவு வேலை என்பதற்கு அவர் உழைப்பு ஒரு சான்று.

இயங்குதளத்தை மாற்றுவது என்பது இக்கால ஏடு பெயர்ப்பே ஆகும். அவ்வாறு கொண்டால் செய்ய வேண்டியவை தாமே வரிசைப்படும்.

முதற்கண், ஃபார்மட் என்னும் சொல்லைக் கேட்டவுடன் கவிஞர் நாற்காலியை விட்டு எழ வேண்டும். பெரும்பாலோர் கோப்புகளைத் திரையின் முகப்பிலும் டாக்குமெண்ட்ஸ் பகுதியிலும் வைக்கின்றனர். இரண்டும் வழக்கமாக சி டிரைவில் இருப்பவை. எழுத்துருக்களும் அங்கேதான் இருக்கின்றன. சி டிரைவை அழித்துப் புதிதாக நிறுவும்போது கவிதையும் போகும். கவிதை வேறிடத்தில் தப்பினாலும் அதைப் படிக்கும் எழுத்துரு போகும். பழுது பார்ப்பவர் 'உங்கள் டாக்குமெண்ட் எல்லாம் பத்திரம்' என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். எழுத்துருவை அவர் கணக்கில் எடுத்திரார். ஆகவே கோப்புகளையும் எழுத்துருக்களையும் சேர்த்தே பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ படியெடுக்க வேண்டும். அதுவும் இரண்டு படிகள், இரண்டு வீடுகளில். டி.கே.சி.யின் கடிதங்கள் இன்று நூலாகக் கிடைப்பதற்குக் காரணம் அவை அவர் வீட்டில் மட்டும் இல்லாமல், பெற்றவர்களின் வீடுகளில் இருந்தமையே.

அடுத்து, பழைய கணிப்பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கோப்பையும் திறந்து பி.டி.எஃப். ஆக்கிவைத்தல் வேண்டும். விண்டோஸ் 10இல் அச்சிடும் பகுதியிலேயே இதற்கு வழி இருக்கிறது. எழுத்துரு அக்கோப்பினுள்ளே பொதிந்துவிடுவதால், எந்தப் பொறியில் திறந்தாலும் கவிதை கண்ணுக்குத் தெரியும். அதிலிருந்து சொல்லைத் தேடவோ படியெடுக்கவோ இயலாதாயினும், பிற்பாடு பிழை திருத்துவதற்கு அதுவே மூல ஏடு. தாளில் ஒரு முறை அச்சிட்டு வைப்போர் இன்னும் நல்லது செய்கின்றனர்.

பின்னரே ஒருங்குறிக்கு மாற்றுதல். இதற்கு என்.எச்.எம். கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் முதலிய மாற்றிகள் உதவின. தமிழ் இணையக் கல்விக்கழகமும் மாற்றியை வழங்கியது. ஒரு தொகுதியை மாற்ற ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில்தான் பாடபேதம் பிறக்கிறது. பழைய குறியேற்றங்களில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு, ககரம், கால் என்று சேமிக்கப்பட்டது. ஒருங்குறியோ ஒலிக்கும் வரிசையில், ககரத்தை முதலிலும் ஒகரக் குறியை அடுத்தும் வைக்கிறது. மாற்றி இதனைப் பெரும்பாலும் சரியாகவே செய்யும். ஆனால் ஔகாரத்தில் இடறும். 'கௌரி' என்பது 'கெளரி' ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணிப்பொறிக்கு வேறு வேறு. 'மௌனம்' என்று தேடினால் மௌனத்தைப் பற்றி எழுதிய கவிதையே கிடைக்காது. துணைக்காலையும் ரகரத்தையும் மயங்கிய ஏட்டெழுத்தாளரையே இது நினைவூட்டுகிறது. கவிதையினிடையே ஆங்கிலத்தில் ஓர் ஆண்டோ ஊர்ப்பெயரோ தட்டப்பட்டிருந்தால் அதையும் தமிழென்று எண்ணி மாற்றி உருவழித்துவிடும்.

மரபுக் கவிஞர்க்கு இன்னோர் இடர் உண்டு. எழுத்துரு மாறினால் எழுத்தின் அகலம் மாறும். பழைய எழுத்துருவில் ஒரு வரியில் அடங்கிய அறுசீர் அடி புதிய எழுத்துருவில் அடங்காமல் கடைசிச் சீரைக் கீழே தள்ளும். அதைக் கவனியாமல் அச்சகத்துக்கு அனுப்பினால் விருத்தம் புதுக்கவிதையாகி வெளிவரும். புதுக்கவிஞர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டா. அவர்கள் வேண்டுமென்றே முறித்த வரிகளை, மாற்றியில் ஒட்டியெடுக்கும்போது ஒரே பத்தியாகச் சேர்த்துவிடும் வாய்ப்பும் உண்டு. ஆகவே மாற்றிய படியை மூலத்தோடு வைத்து வரி வரியாக ஒப்புநோக்குதல் தவிர்க்க இயலாதது. ஒருவர் படிக்க மற்றவர் பார்ப்பது பழைய முறை. அதைவிட நல்ல முறை இன்னும் வரவில்லை.

அச்சகங்களில் ஒளியச்சுச் செய்யப்பட்ட தொகுதிகளின் நிலை இன்னும் சிக்கலானது. அவற்றுள் பல பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளில் அமைந்தவை. அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதன் வழிவந்த இன்டிசைனில் சி.எஸ். 6 வரையிலான பதிப்புகளே பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க வல்லவை, பின்வந்தவை திறப்பதில்லை. அச்சகத்தாரிடம் பழைய பொறி ஒன்று இன்னும் ஓடுகிறதா என்று இப்போதே கேட்டு, தொகுதியைப் பி.டி.எஃப். ஆகவாவது வாங்கிக்கொள்வது அறிவுடைமை. மிகப் பழைய தமிழ்ச் செயலிகளுள் 16 பிட் காலத்தவை, 64 பிட்டில் மட்டுமே வரும் விண்டோஸ் 11இல் இயங்கா என்பதும் கருதத்தக்கது.

இவ்வளவும் முடிந்தபின் இயங்குதளத்தைப் பற்றி முடிவெடுப்பது எளிது. 2021 அக்டோபர் 5 அன்று வெளிவந்த விண்டோஸ் 11 எல்லாப் பொறிகளையும் ஏற்பதில்லை. டி.பி.எம். 2.0 என்னும் காப்பு வசதியும், 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி இடமும் வேண்டும். இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலிகள் பெரும்பாலும் தள்ளப்படும். தகுதியுள்ள பொறியாயின் மாற்றிவிடலாம் என்பதே தகுந்த முடிவு. கோப்புகளை அழிக்காமல் மேலேற்றும் வழி இருக்கிறது. ஒத்துவராவிடில் பத்து நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பவும் இயலும். விண்டோஸ் 8.1 வரை உடன்வந்த லதா எழுத்துரு 10 முதல் விருப்பப் பகுதியாக ஒதுக்கப்பட்டுள்ளது. புதிதாக நிறுவிய தளத்தில் லதாவைக் காணாதோர் அஞ்ச வேண்டா. தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்னும் பகுதியைச் சேர்த்தால் வந்துவிடும்.

பொறி தகுதியற்றதாயின் புதியது வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஓராண்டு, அதாவது 2026 அக்டோபர் 13 வரை, விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டிக்கும் திட்டத்தை மைக்ரோசாப்ட் அறிவித்தது. கட்டணம் செலுத்தாமலும் அதில் சேரும் வழி வைத்திருந்தது. அது முடிவன்று, தவணை. ஏடு பெயர்க்க ஓராண்டு தவணை கிடைப்பது சிறிதன்று. மற்றொரு வழி லினக்ஸ். அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. திறந்து பார்த்த வீடுகள்தாம் குறைவு. பழைய பொறியிலும் ஓடக்கூடிய லினக்ஸ் வகைகள் உள்ளன. ஒருங்குறித் தமிழ் அவற்றில் நன்றாகவே இயங்குகிறது. பழைய எழுத்துருக்களையும் நிறுவிக்கொள்ளலாம். எழுதுவதும் மின்னஞ்சல் பார்ப்பதுமே வேலையாகக் கொண்ட கவிஞர்க்கு அதுவே போதும் என்பது மிகையன்று.

எதையும் மாற்றேன் என்று உறுதிபூண்டவர்க்கும் ஒரு வழி உண்டு. இணையத் தொடர்பை அறுத்துவிட்டு அதனைத் தட்டச்சுப் பொறியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கையும் அதே பொறியில் பார்ப்பதுதான் ஆகாது. 2017 மேயில் வான்னாகிரை என்னும் நச்சு நிரல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணயப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே, வந்திருந்தது. ஏற்றுக்கொள்ளாமல் ஒத்திப்போட்ட பொறிகளும், பராமரிப்பு முடிந்துபோன பொறிகளுமே பெரிதும் பாதிப்புற்றன. பூட்டப்பட்ட கோப்புகளில் கவிதை இருந்தால் அதற்கும் அதே கதிதான்.

தென்காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேரின் வந்து திருத்திக் காப்பவரை முன்கூட்டியே பணிந்துவைத்ததை அங்குள்ள கல்வெட்டுப் பாடல் சொல்கிறது. நெடுங்காலம் பிளவுண்டு நின்ற இராசகோபுரம் 1990இல் மீண்டும் எழுந்ததைக் கண்டவர்கள் இவ்வவையில் பலர். கட்டியவனுக்கே தெரிந்திருந்தது, கட்டியதோடு வேலை முடிவதில்லை என்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும் அவ்வாறே செய்தனர். பழந்தமிழ் நூல்களைத் திஸ்கியில் ஏற்றியவர்கள், ஒருங்குறி நிலைபெற்றபோது அவற்றை ஒருங்குறியிலும் பெயர்த்துத் தந்தனர். ஊதியம் பெறாத தன்னார்வலர்களின் உழைப்பு அது.

சங்க நூல்களுக்கும் காப்பியங்களுக்கும் அப்படி உழைக்க உலகெங்கும் ஆட்கள் உண்டு. மேலகரத்து ஆசிரியரின் அச்சேறாத மூன்றாம் தொகுதிக்கு இல்லை. அதற்கு அவரும், பக்கத்தில் அமர்ந்து மூலத்தைப் படித்துக் காட்ட இலக்கிய வட்டத்து நண்பர் ஒருவருமே உள்ளனர். அச்சேறிய இரண்டு தொகுதிகளும் எங்கேனும் ஒரு நூலகத்தில் இருக்கும்; ஆகவே மூன்றாவதிலிருந்து தொடங்குவது நல்லது. நாளொன்றுக்குப் பத்துக் கவிதை வீதம் ஒப்புநோக்கினால் முந்நூறு கவிதைக்கு ஒரு மாதம் ஆகும். பழுது பார்க்கும் இளைஞரை அதற்கு அடுத்த வாரம் வரச் சொல்லலாம்.